பூஜ்யம் என்றால் உறக்கம்

புருலோடு தலைநகர் பிஷ்கெக்கில் வேலை செய்தவர்களைக் கேட்டால், அவள் எதையும் வீணாக்கமாட்டாள் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். மேசையில் மிஞ்சிய ரொட்டித் துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப்போவாள். ஒயர் நறுக்குகளை டப்பாவில் சேர்த்து வைப்பாள். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வீணாக்கக் கூடாது என்றே வாழ்கிறவர்கள், வீணல்லாததையும் ஒருநாள் வெட்டி எறிந்துவிடக்கூடும்.

அவள் பிறந்தது மலைகளுக்கு நடுவே, நாரின் நகருக்குத் தெற்கே, அத்-பாஷி பள்ளத்தாக்கில். அங்கே சிக்கனம் என்றால் முதலில் சூட்டின் சிக்கனம். அடுப்பில் நிலக்கரி கனன்று சிவந்ததும் புகைபோக்கியின் தகட்டை இழுத்து மூடிவிடுவார்கள். இல்லாவிட்டால் வீட்டுச் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். கொஞ்சம் முந்தி மூடினால் இன்னும் கொஞ்சம் சூடு மிஞ்சும். ரொம்பவும் முந்தி மூடினால் மணமில்லாத, நிறமில்லாத ஒரு காற்று அறைக்குள் இறங்கும். காலையில் அந்த வீட்டில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். 'புகை தொட்டுவிட்டது' என்று ஊரில் சொல்வார்கள், ஏதோ தெரிந்தவர் வந்து தோளைத் தொட்டதுபோல. புருல் பள்ளியில் படித்தபோது அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணை அப்படித் தொட்டது. அதற்காகத்தான் அவள் இந்தத் தொழிலுக்கு வந்தாள் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். உண்மையில் பாலிடெக்னிக் முடித்து, பழுதான சலவை இயந்திரங்களின் மூளையைத் திருத்திக்கொண்டிருந்தவளுக்கு சமீர்பெக் கூடுதல் சம்பளம் தந்தார். வந்தாள்.

சமீர்பெக்கின் பட்டறை, மூடிப்போன ஒரு ஆலையின் மேல்மாடியில் இருந்தது. அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். எல்லோரையும்போல அவளும் அவரை 'பைகே' என்றே கூப்பிட்டாள், அண்ணன் என்ற பொருளில். அங்கே ஒரு வெள்ளைப் பெட்டி தயாரித்தார்கள். உள்ளங்கை அகலம். சுவரில் மாட்டினால் அந்தக் காற்றை மோப்பம் பிடித்துக் கத்தும். பெட்டிக்கு 'ஒய்கோ' என்று பெயர் வைத்தார்கள். விழித்திருப்பவன் என்று அர்த்தம். அதற்குள் ஓடும் நிரலை எழுதியவள் புருல்.

அந்தப் பெட்டியின் சிப்பில் நிரலுக்கு இருந்த இடம் பதினாறு கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் முதல் வருடம் அது போதுமானதாகவே இருந்தது. பேட்டரி போட்டதும் பெட்டி விழித்துக்கொள்ளும். ஆபத்து என்றால் கத்தும்.

சிக்கல் சாலையில் வந்தது. பேட்டரி போட்டே அனுப்பிய பெட்டிகள், டோலோன் கணவாய் ஏறும் லாரியில், லாரிப் புகையையே மோந்துவிட்டு ஒன்று விடாமல் அலறின. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, பெட்டிகளின் மேல் கம்பளியைப் போர்த்திவிட்டு, சமீர்பெக்கைத் தொலைபேசியில் பிடித்து அவர் வம்சத்தையே விசாரித்தார். பெட்டிகள் ஊர்போய்ச் சேர்ந்தபோது பேட்டரிகள் செத்திருந்தன.

புருல் அதற்கு ஒரு வழி செய்தாள். பட்டறையிலிருந்து கிளம்பும் பெட்டி உறங்கியபடி கிளம்பும். வீட்டில் மாட்டியபின் பொத்தானை ஒருமுறை அமுக்கினால் விழிக்கும். நிரலில் அதற்கு ஒரு எண் வைத்தாள்: பூஜ்யம் என்றால் உறக்கம், ஒன்று என்றால் விழிப்பு. உறங்குவது முதலில், விழிப்பது பிறகு. அதனால் அது பூஜ்யம், இது ஒன்று. இதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. விழித்துவிட்ட பெட்டி அதைச் சிப்பின் நிரந்தர மூலையில் குறித்து வைத்துக்கொள்ளும். பேட்டரி மாற்றினாலும் மறக்காது. கடைசியாக எப்போது கத்தியது என்பதையும் அதே மூலையில் குறிக்கும். நல்ல வேலைதான். அதுவரை.

அடுத்த இலையுதிர்காலத்தில் அத்-பாஷி மாவட்ட நிர்வாகம் அறுநூறு பெட்டிகள் கேட்டது. சமீர்பெக் கையைத் தேய்த்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார்.

"புருல், இது பேசணும்."

"யாரு?"

"பெட்டி. பீப் பீப்னா நம்ம ஜனங்க என்ன பண்றாங்க தெரியுமா? பேட்டரி தீந்துபோச்சுன்னு கழட்டி, அடுக்கி வச்ச மெத்தைக்கு நடுவுல சொருகிடுறாங்க. போன மாசம் ஒருத்தன் வீட்ல நானே பாத்தேன். மெத்தைக்குள்ளருந்து கோழிக்குஞ்சு மாதிரி கத்துது. மனுசக் குரல்ல 'கதவைத் திற'ன்னு சொன்னா, போதையில கிடக்கறவன்கூட எழுந்திருப்பான்."

"இடம் இல்ல பைகே. குரல் நிறைய திங்கும்."

"பெரிய சிப் வாங்கலாம்னு சொல்லாத. இந்தச் சின்னதையே சுருள் சுருளா வாங்கிப் போட்டாச்சு."

"நான் சொல்லவே இல்லையே."

"உன் மூஞ்சி சொல்லுச்சு."

குரல் விஷயத்தில் அவர் சொன்னது சரி என்பதையும் எழுதிவிட வேண்டும். மாட்டியவன் மெத்தைக்குள் சொருகும் காவலால் யாருக்கும் பயனில்லை.

குரல் கொடுக்க வேறு யாரும் கிடைக்காததால் புருலே பேசினாள். கழிவறைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையில், மேலங்கியைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு, "கதவைத் திற! கதவைத் திற!" என்று பல தடவை. அந்தக் குரலை நசுக்கி, இன்னும் நசுக்கி, தொண்டை கட்டியவள் குரல்போல ஆக்கிய பிறகும் இடம் போதவில்லை.

பிறகு பைட் பைட்டாக இடம் தேடினாள். முதலில் யாரும் பயன்படுத்தாத சோதனைப் பகுதிகள் போயின. அப்புறம், விழித்திருக்கும்போது மினுங்கும் சிறு விளக்கு. "அது பேட்டரியத்தான் குடிக்குது, தூக்கு," என்றார் சமீர்பெக். கடைசியில் மிஞ்சியது அந்த நிரந்தர மூலை. அதில் எழுதுவதற்கும் படிப்பதற்கும் நிரலில் கணிசமான வரிகள் இருந்தன. ஒருமுறை பொத்தான் அமுக்கியாகிவிட்டது, பேட்டரி உள்ளே இருக்கிறது, பெட்டி பாட்டுக்கு விழித்திருக்கப்போகிறது. நடுவில் அதை யார் திரும்பத் தொடங்கப்போகிறார்கள்? பேட்டரி மாற்றினால் பொத்தானை அமுக்கச் சொல்லி பெட்டியோடு வைக்கும் அட்டையில் அச்சடித்துவிடலாம்.

வெட்டினாள். குரல் உள்ளே போயிற்று. பன்னிரண்டு பைட் மிச்சம் இருந்தது. அன்று மாலை வீட்டுக்கு நடந்தே போனாள். அந்த அளவு மகிழ்ச்சி.

பூஜ்யத்தை அவள் தொடவில்லை. எதுவும் நினைவில்லாமல் தொடங்கும் சிப்பில் அந்த எண் பூஜ்யமாகத்தான் இருக்கும். நினைவு இருந்தவரை பூஜ்யம் லாரியில் மட்டும் ஆண்டது. நினைவு போனபின், எப்போது எங்கே பெட்டி மறுபடி தொடங்கினாலும் அங்கெல்லாம் பூஜ்யமே ஆளும். யாரும் ஒன்றும் சொல்லாதபோது ஒரு பொருள் என்ன செய்கிறதோ அதுவே அதன் குணம். மனிதர்களுக்கும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. புருல் பெட்டியின் குணத்தை மாற்றியிருந்தாள். ஆனால் மாற்றுவதாக எங்கும் முடிவெடுக்கவில்லை.

குளிர் இறங்கி, பெட்டிகளெல்லாம் பள்ளத்தாக்கின் வீடுகளில் மாட்டப்பட்ட பிறகு, ஒரு காலையில் அவள் தம்பி டோலோத்தின் மனைவி ஷார்பூ அத்-பாஷியிலிருந்து கூப்பிட்டாள். ஷார்பூவின் தொலைபேசி அழைப்பு எப்போதுமே 'எஜே', அதாவது அக்கா, என்ற விளியோடும் ஒரு புகாரோடும்தான் தொடங்கும்.

"எஜே, உங்க பெட்டியும் உங்க தம்பி மாதிரியே இருக்கு."

"அவன் என்ன செஞ்சான்?"

"ஒரு வார்த்தை சொல்லுவாரு, அதுவும் பாதி, அப்புறம் தூங்கிடுவாரு. இன்னைக்குக் காலையில அடுப்பு பத்தவைக்கறேன், புகை திரும்பி உள்ள வந்துடுச்சு. சுவத்துலருந்து நீங்க 'கதவை'ன்னு சொன்னீங்க. அவ்ளோதான். திறக்கணுமா, மூடணுமா, பெயிண்ட் அடிக்கணுமா, ஒண்ணும் சொல்லல. நானும் நின்னு பாத்தேன். எஜே பாதியில நிறுத்தற ஆளே இல்லையேன்னு."

புருல் சிரித்தாள். சிரிப்பு முடியுமுன்பே கேட்டாள்:

"எங்க மாட்டியிருக்க?"

"அடுப்பு வாய் இருக்கற முன்னறையிலதான். அட்டையில அப்படித்தானே போட்டிருக்கு?"

அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது. அவள் ஊர் வீடுகளில் அடுப்பின் வாய் முன்னறையில் இருக்கும். அதன் முதுகு உள்ளறைச் சுவராக நின்று, படுத்திருப்பவர்களுக்குச் சூடு தரும். முன்னறையில் காலையில் வாளித் தண்ணீர் உறைந்திருக்கும். அந்த வீட்டில்தான் அவள் பிறந்து வளர்ந்தாள். ஆனால் பெட்டியைப் பட்டறையில், ஜன்னலெல்லாம் வியர்க்கும் நகரத்துச் சூட்டில், மேசைமேல் வைத்துத்தான் சோதித்திருந்தாள்.

"ஷார்பூ, அதோட பொத்தானை இப்பவே அமுக்கு. தினமும் சாயங்காலம், தகடு மூடறதுக்கு முன்னாடி, அமுக்கணும். கேக்குதா?"

"எதுக்கு? அது காவல் காக்குதுன்னு சொல்லித்தானே குடுத்தீங்க? இப்ப காவலுக்கு நான் காவலா?"

"அமுக்குடி."

பட்டறையின் குளிர்சாதனப் பெட்டியில், சமீர்பெக் மாமியார் வீட்டிலிருந்து கொண்டுவந்த குடலில் அடைத்த குதிரைக்கறி சுருண்டு கிடந்தது. புருல் அதை ஓரமாகத் தள்ளி, ஒரு பெட்டியைப் பொத்தான் அமுக்கி உறைபகுதியில் வைத்தாள்.

"அது என் கறிக்குக் காவலா?" என்றார் சமீர்பெக். "அதுகிட்ட சொல்லி வை, நீயும் அதைத் திங்கத்தான் பாக்கறேன்னு."

அவள் உறைபகுதியின் கதவைச் சாத்தினாள். மதியத்துக்குப் பிறகு பெட்டியை வெளியே எடுத்து, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் சோதனைக் காற்றோடு வைத்தாள்.

"கதவை—" என்றது பெட்டி, அவள் குரலில்.

அதன்பின் ஒன்றுமில்லை. அவர்கள் இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். கூண்டுக்குள் ஐந்து பேரைக் கொல்லும் காற்று இருந்தது. பெட்டி உறங்கிக்கொண்டிருந்தது.

"கெட்டுப்போனது போல. வேற ஒண்ணு எடு," என்றார் சமீர்பெக்.

வேறொன்றும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"பேட்டரி குளிர்ல சோர்ந்துடுது பைகே. பீப்புக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். குரலுக்கு நிறைய வேணும். பேச வாயெடுத்த உடனே பேட்டரி தலை சாயுது, சிப் ஒரு நொடி செத்துப் பிழைக்குது. பிழைச்சு எழும்போது அதுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. லாரியில இருக்கறதா நினைச்சுத் தூங்கிடுது."

"விளக்கப் பாத்தா தெரியுமே, தூங்குதா முழிச்சிருக்கான்னு?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அன்று அவள் செய்த திருத்தம் ஒரே ஒரு எண். பூஜ்யம் இனி விழிப்பு. அதற்கு ஒரு பைட்டும் கூடுதலாகத் தேவைப்படவில்லை. உறையவைத்த பெட்டியில் அதை ஏற்றிக் கூண்டில் வைத்தபோது, "கதவை—" என்று தொடங்கி, செத்து, எழுந்து, மறுபடி "கதவை—" என்று தொடங்கி, நிற்காமல் திக்கியது.

"திக்குவாய் மாதிரி இருக்கே. மாவட்டத்துல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிக்கறதுக்கு முழிச்சிருக்கணுமில்ல?"

"லாரியில மறுபடி அலறுமே?"

அவள் மேசையிலிருந்த பிளாஸ்டிக் பையின் ஓரத்தைக் கிழித்து, பேட்டரிக்கும் அதைத் தொடும் சின்ன உலோகத் தகட்டுக்கும் நடுவே சொருகினாள். இழுத்தால் பெட்டி உயிர்பெறும். அவள் வரிவரியாக நிரலில் எழுதி, குரலுக்காக நினைவை வெட்டியபோதும் விட்டுவைத்த அந்த உறக்கம் முழுவதையும், ஒரு கிழிசல் செய்துமுடித்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமீர்பெக் தேநீர் போட எழுந்துபோனார்.

ஆனால் அறுநூறு பெட்டிகள் ஏற்கெனவே சுவர்களில் இருந்தன. தூரத்திலிருந்து அவற்றுக்குப் புது நிரல் அனுப்ப முடியாது. ஒவ்வொன்றையும் திறந்து, கம்பி சொருகி ஏற்ற வேண்டும். எது உறங்குகிறது, எது விழித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சமீர்பெக் மாவட்டத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். ஒரு மணி நேரம் ஏச்சு வாங்கினார். சொல்லாமல் இருக்கவில்லை, அதையும் சேர்த்து எழுதுகிறேன். கிராமங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் 'தகடு மூடுமுன் பொத்தானை அமுக்கவும்' என்று செய்தி போனது. சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். ஒருவர், 'என் மனைவியையும் இப்படித்தான் அமுக்கி எழுப்ப வேண்டியிருக்கிறது' என்று எழுதினார். செய்தியைப் படிக்காத வீடுகள் எத்தனை என்று குழுவில் தெரியாது.

புருல் மடிக்கணினியையும் கம்பிகளையும் பையில் போட்டுக்கொண்டு பங்கு டாக்சியில் நாரினுக்குக் கிளம்பினாள். சமீர்பெக் வேறொரு வண்டியில் பள்ளத்தாக்கின் அடுத்த கோடிக்குப் போனார். கணவாயில் பனி. டாக்சிக்காரர் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டும்போது அவள் கீழே இறங்கி நின்று, ஏறிவரும் லாரிகளைப் பார்த்தாள். இவற்றுக்காகத்தான் பூஜ்யத்தை உறக்கம் ஆக்கினாள்.

முதல் வீடு தம்பியுடையது. ஷார்பூ கதவைத் திறந்ததும், "தினமும் அமுக்கறேன், உங்க தம்பியைவிட அதைத்தான் அதிகமா தொடறேன்," என்றாள். பிறகு புருலின் முகத்தைப் பார்த்துக் கேலியை நிறுத்திவிட்டு, தானும் பூட்ஸை மாட்டிக்கொண்டாள். இருவரும் தெருத்தெருவாக நடந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உப்புப் போட்ட பால்தேநீர், ஒவ்வொரு வீட்டிலும் "உக்காரு, ரொட்டி பிட்டுக்கோ." மறுக்க முடியாத ஊர். ஒரு வாய் பிட்டுக்கொண்டே கம்பியைச் சொருகினாள். ஒவ்வொரு பெட்டியையும் திறக்குமுன் புகை காட்டிப் பார்த்தாள். மூன்று வீட்டில் பெட்டி பேசியது. நான்காவது பேசவில்லை. அந்த வீட்டுக்காரர், "எங்க பெட்டி ரொம்ப நல்ல பெட்டி, ஒருநாளும் தொந்தரவு பண்ணதில்ல," என்றார்.

அடுத்த ஊருக்குப் போகும் வழியிலேயே ஷார்பூவின் தொலைபேசி ஒலித்தது. அவள் கேட்டாள்; கேட்டுவிட்டுப் புருலின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எஜே. மம்பெத்துன்னு ஒருத்தர். இப்ப போற ஊர்ல மந்தை மேய்க்கறவர். புகை தொட்டுடுச்சாம். பொண்டாட்டிய நாரின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க."

"அவங்க வீட்ல பெட்டி இருந்துச்சா?"

ஷார்பூ ஆமென்று தலையை ஆட்டினாள்.

முற்றத்தில் கூடாரம் அடித்து மம்பெத்தை அதற்குள் கிடத்தியிருந்தார்கள். உள்ளே பெண்கள் ஒப்பாரி. வெளியே ஆண்கள் கோலூன்றி, குனிந்து, வருகிறவர்களைப் பார்த்து அழுதார்கள். துக்கத்துக்கு வருகிறவர்களுக்காக, ஊர் வழக்கப்படி, பெரிய அண்டாவில் கறி கொதித்தது. புருல் முறைப்படி அழுதுகொண்டே உள்ளே போனாள். அந்த அழுகையில் முறை எவ்வளவு என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு வீட்டின் முன்னறைக்குள் நுழைந்தாள். வந்தவர்களுக்குச் சமைத்ததில் அடுப்பு கனன்று அறை கதகதவென்று இருந்தது. பெட்டி சுவரில் இருந்தது. மேலே ஒரு துண்டுத் துணிகூட இல்லை. யாரும் அதை மறைக்கவில்லை, மெத்தைக்குள் சொருகவில்லை. அட்டையில் சொன்னபடியே மாட்டியிருந்தார்கள்.

மம்பெத்தின் தம்பி ஜூமாஷ் வந்து வாசற்படியில் நின்றார். கண்கள் சிவந்திருந்தன. குரல் சிவக்கவில்லை.

"நீதான் செஞ்சவளா?"

"ஆமா."

"அது கத்துச்சா?"

புருல் பெட்டியைத் திறந்து கம்பியைச் சொருகினாள். அந்த நிரந்தர மூலையைப் படித்தாள். காலியாக இருந்தது, எல்லாப் பெட்டியிலும் அது காலிதான், அவளுக்குத் தெரியும். ஆனாலும் படித்தாள். பெட்டி அரை வார்த்தை சொல்லி உறங்கியதா, அவர்கள் ஆழ்ந்து தூங்கியதில் அந்த அரை வார்த்தை காதில் விழவில்லையா, அல்லது முன்பே ஒருநாள் காலைப் புகையில் உறங்கிப்போய் அன்று வாயே திறக்கவில்லையா, அதைச் சொல்லக்கூடிய சாட்சி ஒன்று முன்பு அங்கே இருந்தது. ஒரு வார்த்தைக்கு இடம் வேண்டி அவள் அதை வெட்டியிருந்தாள்.

"தெரியல," என்றாள். "முன்னெல்லாம் அதுக்கு ஞாபகம் இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

அவர் அடிப்பார் என்று ஷார்பூ நினைத்தாளாம். புருலும் அதைத்தான் எதிர்பார்த்தாள், ஒருவேளை விரும்பினாள். ஜூமாஷ் பெட்டியைப் பார்த்தார்.

"பக்கத்து வீட்ல ஒண்ணு இருக்கு," என்றார். "இங்க நின்னு என்ன பண்ற?"

பக்கத்து வீட்டு அம்மாள் காலையிலிருந்து இழவு வீட்டில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். புருல் கேட்டதும், மாவுக் கையோடு அண்டாவின் அடியிலிருந்து ஒரு நெருப்புக் கங்கைக் கரண்டியில் அள்ளிக்கொண்டு முன்னே நடந்தாள். அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. முன்னறையில் மூச்சு வெள்ளையாகப் பறந்தது. சுவரோடு சுவராகப் பெட்டியும் உறைந்து கிடந்தது. ஷார்பூ கதவைச் சாத்தினாள். புருல் நிரலை ஏற்றி, மூடியைப் பொருத்தி, கரண்டி நெருப்பை அதனருகே பிடித்தாள்.

"கதவை—"

பெட்டி ஒரு நொடி செத்தது.

"கதவை— கதவை— கதவை—"

"இதுக்கு முழுசா சொல்லத் தெரியாதா?" என்றாள் அந்த அம்மாள்.

"தெரியாதும்மா. ஆனா நிறுத்தாது."

"உன் குரல் மாதிரி இருக்கே."

"என் குரல்தான்."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இன்னும் எவ்வளவு நேரம் இதைக் கேட்டுக்கொண்டு நிற்பது என்பதுபோல மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, போய்க் கதவைத் திறந்தாள். வெளியிலிருந்து குளிரும் ஒப்பாரியும் சேர்ந்து உள்ளே வந்தன. காற்று தெளிந்து பெட்டி தானாக அடங்கும்வரை புருல் அதன் கீழேயே நின்றாள். பிறகு கம்பியைச் சுருட்டி, அடுத்த வீடு எது என்று கேட்டாள்.